வாசலில் மாட்டிய படம்

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய பனியன் கம்பெனி. ஆர்டர் பிடிப்பது என் கணவர்; தைத்து, செக்கிங் முடித்து, பெட்டியில் போட்டு அனுப்புவது என் பொறுப்பு. ஒரு வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போன தையல்காரர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. ஆட்களைத் தக்கவைப்பது பற்றிக் கோயமுத்தூரில் இரண்டு நாள் வகுப்பு நடக்கிறது என்றார்கள், போனேன். பாராட்டு இல்லாத இடத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள் என்று அங்கே சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. வந்த வாரமே வாசலில் ஒரு பலகை மாட்டி, ‘இந்த மாதத்தின் சிறந்த தையலர்’ என்று எழுதவைத்தேன்.

யாரைப் போடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வந்து ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் தைத்த பீஸ் செக்கிங்கிலிருந்து திரும்பி வருவது அபூர்வம். ஆபீஸ் ஃபைலில் ஒட்டியிருந்த அவருடைய படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். திங்கட்கிழமை காலை எல்லோரும் கை தட்டினார்கள். அவர் படத்தைப் பார்த்தார்; சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. வெள்ளி, சனியும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. படம் போட்டதும் கிராக்கி கூடிவிட்டது, வேறு கம்பெனிக்காரர்கள் இழுத்திருப்பார்கள் என்றார் சூப்பர்வைசர். எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஊத்துக்குளியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கும்போதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அவருடைய கணவரின் படம், பிளாஸ்டிக் மாலையோடு. வாசலில் நாங்கள் மாட்டியிருந்த படத்தில் அவர் நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு இருந்தது. எதிரே நின்றவரின் நெற்றியில் திருநீறு மட்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் பதினாறு நாள் லீவு எடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அதில் எழுதியிருந்த காரணத்தை அன்றைக்குப் படித்தேனா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வேறொன்றைத்தான் சொன்னார்.

“அந்தப் படத்தை எடுத்துருங்க மேடம். நான் ஒருத்தியாவா தெச்சேன்? பக்கத்துல நிக்கறவ பீஸைத் திருப்பி அடுக்கிக் குடுக்கறதுனாலதான் என்ற கை ஓடுது. அவளுக்கு யாரும் கை தட்டலீங்களே. படம் மாட்டுனதுலருந்து மூணு நாளும் அவ எங்கூட உக்காந்து சோறு திங்கலீங்க.”

கேட்காமல் படத்தை மாட்டியது தப்பு என்றேன். கணவர் இறந்தது நினைவில்லாமல் போனதும் தப்பு என்றேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, பரவாயில்லீங்க என்றார். கம்பெனியில் என்ன மாறினால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் பதில் வந்தது.

“புது ஸ்டைல் வந்தா ஒரு நாளைக்கு இத்தனை பீஸுன்னு டார்கெட்டை மட்டும் சொல்றீங்க. தைக்கறது நாங்கதானுங்க. அதுக்கு முன்னால எங்களையும் ஒரு வார்த்தை கேக்கோணும்.”

திங்கட்கிழமை காலை ரயில் வருவதற்கு முன்பே நான் போய்ப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டேன். அவர் வந்தார். அன்றிலிருந்து புது சாம்பிள் வந்தால் அதை மேசையில் விரித்து, அதைத் தைக்கப்போகும் லைனில் இருக்கும் எல்லோரையும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. நேரம்தான் வீணாகிறது, நாளைக்குத் தான் சொன்னால் யார் கேட்பார்கள் என்றார். முதல் இரண்டு முறையும் யாரும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை பேசியது அந்தப் பீஸ் அடுக்கும் பெண். லேபிளைக் கடைசியில் வைப்பதால் ஒவ்வொரு பீஸையும் இரண்டு தடவை திருப்ப வேண்டியிருக்கிறது, பக்கம் மூட்டும்போதே வைத்துவிட்டால் என்ன என்றார். தைத்துப் பார்த்தோம். வேலை எளிதானது. சூப்பர்வைசரே அடுத்த லைனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு அவசர ஷிப்மெண்ட் சமயத்தில் யாரையும் கேட்காமல் பழையபடி டார்கெட்டை எழுதி ஒட்டிவிட்டேன். ஆர்டர் போய்ச் சேர்ந்தது. அடுத்த சாம்பிளை விரித்தபோது எல்லோரும் வந்து மரியாதையாக நின்றார்கள். நீங்க சொன்னாச் சரிங்க என்று கலைந்து போனார்கள். அவர்கள் மறுபடி பேச ஆரம்பிக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு சாம்பிளையும் விரித்துவைத்துவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று காத்து நின்றேன்.