அரை மாத்திரை

என் அம்மாவின் முகத்தைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை, ஒரு சுழல் நாற்காலி, தலையில் ஹெட்போன். முந்நூற்று நாற்பது உள் எண்களும் அவளுக்கு மனப்பாடம். சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. அது அவள் லீவு போட்டால் வருகிற மாற்று ஆளுக்கு. கடையில் வாயைத் திறந்து சோப்பு கேட்டால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "நீங்க போர்டு அக்காதானே?" என்பார். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வேலைக்கு இரண்டு விதிகள். ஒன்று, பேசுவது யார் என்று கேட்காமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் பத்து வரை எண்ணிவிட்டு லைனை வெட்டிவிட வேண்டும். இரண்டாவது, லைனில் காதில் விழுந்தது அந்த அறையைத் தாண்டக் கூடாது. அதை அவள் வீட்டிலும் விடவில்லை. அப்பாவுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று இரண்டு டாக்டர்கள் பேசிக்கொண்டது போர்டிலேயே அவள் காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லும்வரை ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். சரியான நெஞ்சழுத்தக்காரி என்று அப்போது மனதுக்குள் திட்டினேன். பத்தொன்பது வயதில் என் புத்தி அவ்வளவுதான்.

எழுபத்திரண்டு வயதில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு உடம்பே இறுகிப்போய், எழுந்து நிற்பதே பெரும்பாடு ஆனது. நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"மாத்திரையைக் கூட்டினா கை கால் ஓடும், ஆனா உங்களுக்குத் தலை குழம்புது, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. குறைச்சா தெளிவா இருப்பீங்க, உடம்பு ஒத்துழைக்காது. எது வேணும்னு நீங்கதாம்மா சொல்லணும்."

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "கால் போனா போகட்டும் டாக்டர். போர்டு வேலை செஞ்சா போதும்."

டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். வேளைக்கு ஒரு மாத்திரை, அதற்கு மேல் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சிரித்தவனுக்கு மறுநாள் காலை என்ன காத்திருக்கிறது என்று தெரியவில்லை. மனைவி என்னை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவாள். அவள் வருவதற்குள் அம்மாவைத் தூக்கிக் கழிப்பறையில் உட்காரவைத்து, கழுவி, குளிப்பாட்டி, உடை மாற்றுவது என் பொறுப்பு. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் காதையும் மூக்கையும் தொட்டு அளவு பார்க்கிறவன். பெற்றவளின் உடம்பைத் தொட எனக்குக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். அம்மா எதிரே இருந்த குழாயைப் பார்த்தபடி உள் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இருநூத்திப் பதினாறு எக்ஸ்ரே. இருநூத்திப் பதினேழு சமையல்கட்டு." ஒன்றுகூடத் தப்பாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் கழுவிவிட்டுப் போயிருப்பேன்.

மூன்றாவது மாதம், கூடுதலாக அரை மாத்திரையைப் பொடி செய்து காலை டீயில் கலந்தேன். முதுகு வலிக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுகு வலித்தது உண்மை. காரணம் அதுவல்ல.

ஒரு வாய் குடித்தவள், "டீ கசக்குதேடா," என்றாள்.

"தூள் மாத்தியிருக்கேன்மா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்து முடித்தாள்.

ஒரே வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே குளியலறைக்குப் போனாள். கதவையும் தானே சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று விசிலடித்தேன். அந்த விசிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு குன்றிப்போகிறது.

அடுத்த வாரமே அலமாரிப் பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்றாள். எக்ஸ்ரே சமையல்கட்டுக்குப் போனது, சமையல்கட்டு எங்கேயோ போனது.

"நல்லா பேசிட்டிருந்தாங்களே, திடீர்னு என்னாச்சு?" என்று பகலில் வரும் அக்கா கேட்டாள்.

"வயசாகுதில்ல," என்றேன்.

ஒரு லீவு நாள் மத்தியானம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஆஸ்பத்திரி. உங்களுக்கு யாரு வேணும்?" என்றாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நானும் கையைக் காதில் வைத்தேன்.

"போர்டு அக்கா வேணுமே."

"நான்தான் பேசுறேன், சொல்லுங்க."

"உடம்பு எப்படி இருக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், வெளிய போகக் கூடாது. எம் பையன் டீயில மாத்திரை கலக்குறான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கான்."

காதில் வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. "நீங்க அவரைக் கேக்கலையா?"

"எப்படிங்க கேக்கிறது? என்னைக் குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கிறான். சின்ன வயசுல ஊசி போடும்போது மூடிக்குவான், அதே மாதிரி. அவ்வளவு கஷ்டமா இருக்கு அவனுக்கு. தலைதானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

அப்புறம் அவளுக்கு வேலைக் குரல் திரும்பியது. "ஆமா, பேசுறது யாரு? கேக்காமலே பேசிட்டிருக்கேன் பாருங்க."

மகன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அம்மா உதட்டுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தாள்.

மறுநாள் டீயில் எதுவும் கலக்கவில்லை. டாக்டரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இறுகியது, தலை தெளிந்தது. அலமாரிப் பக்கம் நின்ற ஆள் போய்விட்டார். எண்களில் பாதிகூடத் திரும்பி வரவில்லை.

பத்தாம் நாள் காலை அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறை முக்காலியில் உட்காரவைத்தேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். முதல் குவளைத் தண்ணீரைத் தோளில் ஊற்றினேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை, எண் எதுவும் சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் தன் கண்களை மூடிக்கொண்டாள்.