துரியோதனனுக்கு அழுதவள்

பிள்ளைகளா, செல்போனில் பாரதக் கதை பார்த்துவிட்டு, துரியோதனனுக்குப் பெண்டாட்டியே கிடையாதா என்று கேட்டீர்களே. உண்டு. நீங்கள் பார்த்த கதையில் அவளுக்கு வாய் இல்லை, அவ்வளவுதான். நம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூத்தில் அவள் பேர் பெருந்திருவாள். பேச்சும் உண்டு, கையில் துடைப்பமும் உண்டு. நானே பார்த்தவன், சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, மாமா செத்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா குடித்துவிட்டு அவளை அடித்தவர். அதனால் அவருக்காக யாரும் வருந்தவில்லை. அத்தையையும் வருந்த விடவில்லை. அவள் கண் கலங்கினாலே அப்பா, "அந்த ஆளுக்கா அழுவுற? பேஜார் வுட்டுதுன்னு சோத்தத் துன்னு" என்பார். அத்தை அழவில்லை. சோறும் தின்னவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. இப்படியே போனால் இவள் தேறமாட்டாள் என்று அம்மா பயந்தாள்.

அந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் துரியோதனன் சாவைக் கூத்தாக நடத்தும் படுகளத்துக்கு அம்மாதான் அவளை இழுத்து வந்தாள். கோயிலுக்கு எதிரே களிமண் துரியோதனன் தென்னை மர நீளத்துக்கு மல்லாந்து படுத்திருந்தான். பீமன் வேஷக்காரர் வந்து தொடையைப் பிளந்தார். ஊரே ஆர்ப்பரித்தது. அப்புறம்தான் தலைவிரி கோலமாகப் பெருந்திருவாள் ஓடிவந்தாள். வேஷம் கட்டியவர் வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர். தோளைப் பார்த்தாலே தெரியும்.

"இன்னாமே, பொல்லாதவன் பூட்டான். நிம்மதியா இரு!" என்று ஒருவன் கூவினான்.

"ஊருக்குத்தான்டா பொல்லாதவன். எனக்குப் புருசன். நான் அழுவாம, உன் பொண்டாட்டியா வந்து அழுவா?"

கூட்டம் சிரித்தது. பெருந்திருவாள் அழுதபடியே துடைப்பத்தால் விளாசிக்கொண்டு வந்தாள். அந்த அடி பட்டால் பீடை ஒழியும் என்று ஆளாளுக்கு முதுகைக் காட்டினார்கள். அத்தை முதுகிலும் ஒன்று விழுந்தது.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என்ன வுட்டுட்டுப் பூட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா பதறிப்போய், "ஏய், எழுந்திரு, ஊரே பாக்குது" என்று அவள் கையைப் பிடித்தார்.

"கைய எடு நைனா" என்றாள் பெருந்திருவாள், மூட்டைக்காரரின் கட்டைக் குரலில். "இங்க வந்து யாரும் யாரையும் அழுவாதன்னு சொல்லக் கூடாது."

மூட்டைக்காரர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தார். அத்தையும் கூடவே அழுதாள். அப்பா கையை எடுத்துவிட்டார்.

மத்தியானம் அத்தை தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். அம்மா திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் கவலை தீரவில்லை. மண் மனிதனின் தொடை உடைந்ததற்காகத்தான் அத்தை அழுதாள் என்று நான் நினைத்திருந்தேன். நாளைக்கும் அவனை அப்படியே பார்த்தால் மறுபடி அழுவாளே?

எல்லாரும் படுத்திருந்த வெயில் நேரத்தில் தனியாகப் படுகளத்துக்குப் போனேன். அந்த மண்ணைக் குதிரில் போட்டால் நெல் பெருகும் என்று ஜனங்கள் அள்ளிப் போனதில் தொடையிருந்த இடம் பள்ளமாகிக் கிடந்தது. ஏரி மதகடியிலிருந்து இரண்டு கையாலும் சேறு கொண்டுவந்து அதை அடைத்தேன். தண்ணீர் தொட்டு, வெடிப்புத் தெரியாமல் வழவழவென்று பூசிவிட்டு வந்தேன்.