புதன்கிழமைக் களி

தொழிற்சாலை வேலைக்கென்று திருநெல்வேலியிலிருந்து ஓசூர் வந்தவன் நான். ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்த பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் இந்த முதியோர் குடியிருப்பில் ஒரு அறையும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியும் எனக்கு வாய்த்தன. எதிர் நாற்காலியில் அவர். தளிப் பக்கத்து விவசாயி, கோஸும் ரோஜாவும் பயிரிட்டவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவருக்கு நான் எப்போதும் சார்தான்.

எங்கள் கூடத்தில் தட்டின் நிறத்தைப் பார்த்தே ஒருவருடைய வியாதியைச் சொல்லிவிடலாம். பச்சை சர்க்கரைக்காரர்களுக்கு, மஞ்சள் உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு, நீலம் குழைத்த உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு. இதையெல்லாம் வகுத்த டயட்டீஷியன் பெண்ணோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. சாம்பாரில் உப்பு எங்கே என்று அவளிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் புதன்கிழமை மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போடுவாள். அன்று மட்டும் அவளை மன்னித்துவிடுவேன்.

களியை மெல்லக் கூடாது என்பது இந்தப் பக்கத்து முறை. கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்கிவிட வேண்டும். நான் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் அண்ணாச்சிக்குத் தாங்காது.

“என்னா சார், மாடு அசை போடற மாதிரி. உள்ள விடுங்க, அது தன்னால எறங்கும்.”

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொய்ந்தது, வாய் லேசாகக் கோணியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவருக்கு நீலத் தட்டு. தண்ணீரில்கூட ஏதோ பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுத்தார்கள். டயட்டீஷியன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: அரை ஸ்பூன்தான் எடுக்க வேண்டும், தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டும், இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். நான் தலையாட்டினேன். அதிகாரிகள் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு என் போக்கில் போவது எனக்குப் பழகிய விஷயம்.

அவர் சாப்பிடவில்லை. அரைத்த சாதமும் மசித்த கேரட்டும் தட்டில் ஆறிக் கிடக்கும். மாதாமாதம் எடை இறங்கியது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் வராந்தாவில் நின்று அழுதாள்.

“நீங்க சொன்னா கேப்பாரு அங்கிள். எப்படியாவது சாப்பிட வைங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் தன் தட்டைத் தொடவேயில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு வாய் சார். இந்தக் கூழக் குடிச்சிட்டு என்னாத்துக்கு இருக்கணும்?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. களி மெத்தென்று இருக்கிறது. பல் வேண்டாம், மெல்ல வேண்டாம். எழுபது வருடமாக அவர் தொண்டைக்குப் பழகிய சாப்பாடு. குழைத்த உணவு என்று இவர்கள் சொல்வதும் இதைத்தானே என்று நினைத்தேன். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். நூலளவு பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பியவன். அவருக்குக் கெட்டுப்போயிருந்தது பல் அல்ல, தொண்டை என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி, கடைசலில் புரட்டி அவர் வாயில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய பழக்கத்தில் அண்ணாந்து விழுங்கினார். இருமல் இல்லை, சத்தம் இல்லை. இறங்கிவிட்டது என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் முகம் கறுத்ததும் இடது கை மேசையில் எதையோ தேடியதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. நர்ஸ் ஓடிவந்து அவரைக் குனியவைத்து முதுகில் அடித்து வெளியே எடுத்தாள். எல்லாம் வெளியே வரவில்லை. நுரையீரலுக்குள் போனது காய்ச்சலாக மாறி, அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மகளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“நாந்தான அங்கிள் சொன்னேன், எப்படியாவதுன்னு.”

அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

குழாயை எடுத்துவிட்டு அவரைக் குடியிருப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். விழுங்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். இப்போது நர்ஸ் ஊட்டினால் தாடையைத் தாழ்த்தி ஒவ்வொரு அரை ஸ்பூனாக விழுங்குகிறார். எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டயட்டீஷியனோடு நான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன். அவள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் வேறு அறையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டதால், நர்ஸ் ஸ்பூனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். பூசணிக்காய் மசியல். நான் அரை ஸ்பூன்தான் எடுத்தேன். அவர் வாயருகே கொண்டுபோனதும் உதடுகள் இறுகிக்கொண்டன. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மேல கோவமா அண்ணாச்சி?”

“கோவம் இல்ல சார்.” குழறலாகத்தான் சொன்னார். “வாயி தொறக்க மாட்டேங்குது.”

கோபம் என்றால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் இன்னொரு முறை முயன்றார். எனக்காகத்தான் முயல்கிறார் என்று தெரிந்தது. உதடுகள் நடுங்கின, திறக்கவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு நர்சைக் கூப்பிடப் போனேன்.