யோகேஸ்வரி கொடுக்க மறுத்த கரண்ட்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி கலாவிடமிருந்து அழைப்பு வந்தது. பாடசாலை நேரத்தில் அவர் அழைப்பதில்லை. வீட்டில் யாருக்கோ கரண்ட் அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு வருடங்களாக என் மனம் முதலில் அங்கேதான் போகிறது.

"யோகா போயிட்டாங்க," என்றார் கலா. "வயர் ரோலைத் தூக்கிக்கிட்டு மேட்டு லயத்துக்கு ஏறியிருக்காங்க. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தவங்க, எந்திரிக்கவே இல்ல."

யோகேஸ்வரியை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, ஹட்டனில் வயரிங் வேலை பயின்றவர். எங்கள் பகுதியில் அந்த வேலைக்குப் போன வேறு பெண்ணை நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். நான் விஞ்ஞான ஆசிரியரான நாளிலிருந்து என்னை 'சார்' என்றே அழைத்தார். வேண்டாமென்று எத்தனை முறை சொல்லியும் விடவில்லை. ஒரு வீட்டில் வேலை தொடங்கும் முன் கையைத் துடைப்பார், செருப்பின் அடியைத் துடைப்பார், பிறகு மறுபடியும் கையைத் துடைப்பார். பார்த்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான்.

மூன்று தலைமுறையாகத் தோட்ட லயத்தின் ஒற்றை அறையில் இருந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரில் வீடு கண்டவன் நான். சுவருக்குப் பூச்சு காய்வதற்குள் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டேன். கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி யோகாவை அழைத்தேன். அவர் வாசலோரம் இருந்த மெயின் போர்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போய், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஏர்த் கம்பி ரெண்டடிகூட உள்ள எறங்கல. கல்லு தட்டவும் வெட்டிட்டு மேல மண்ணப் போட்டு மூடியிருக்காங்க. கசியுற கரண்ட் மண்ணுக்குள்ள போகாது. இதுல நான் கரண்ட் குடுக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும் யோகா. எல்லாரையும் கூப்பிட்டாச்சு."

"விளக்கேத்தி வச்சுக் காய்ச்சுங்க. எனக்குப் பத்து நாள் குடுங்க. குழாயடியில ஈர மண்ணு இருக்கு, அங்க புதுசா ஒண்ணு ஆழமா எறக்கித் தர்றேன்."

"எல்லார் வீட்லயும் இப்படித்தானே எரியுது?"

"எனக்குப் பயமா இருக்கு சார்."

"பயப்படுற ஆளு எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் டவுனிலிருந்து வேறொருவர் வந்து அரை நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். மழை தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. கரண்ட் கசியும்போது தானாக விழுந்து உயிரைக் காப்பதற்காகவே அந்தச் சுவிட்ச் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அது தெரியாதா? ஆனாலும் அந்த ஆள், "இது சும்மா தொல்லை சார்" என்று சொல்லி, சுவிட்சைத் தாண்டி வயரை நேரடியாக இணைத்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அடுத்த மாதம் ஒரு காலை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குளிப்பதற்காகக் கலா அலுமினிய வாளியில் கம்பி ஹீட்டரைப் போட்டிருந்தார். முகச்சவரம் செய்துகொண்டிருந்த எனக்குக் குளியலறையிலிருந்து தொண்டைக்குள் அடைபட்ட ஒரு முனகல் கேட்டது. ஓடினேன். கலாவின் கை வாளியின் விளிம்பில் ஒட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. "அம்மா நடுங்குறாங்க! அம்மா நடுங்குறாங்க!" என்று கத்திக்கொண்டே எங்கள் ஆறு வயது மகள் அவருடைய பாவாடையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நானும் கலாவை இழுக்கத்தான் பாய்ந்தேன்.

"தொடாதீங்க சார்! புள்ளையப் புடிங்க!"

வாசலிலிருந்து யோகாவின் குரல். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர் மகளின் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். நான் மகளைத் தூக்கிப் பின்னால் இழுத்த அதே நேரம் அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். கலா ஈரத் தரையில் சரிந்து விழுந்தார். அவர் மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்க்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. யோகாதான் பார்த்தார்.

கலா பிழைத்தார். உள்ளங்கையில் தீய்ந்த தழும்பு இன்றும் இருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, இறக்கிய மெயின் சுவிட்சை யாரும் ஏற்றிவிடாதபடி துணியால் கட்டிவிட்டு யோகா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"எனக்கு ஒம்பது வயசு சார். லயத்துல துணி காயப்போடுற கம்பியில எங்கேயோ வயர் பட்டிருந்திச்சு. எங்கம்மா ஈரத்துணிய எடுக்கப் போனாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். மெயின் எங்க இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல." துணி கட்டிய சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து ஒங்க வீட்டு மெயின் எங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு. அவ்வளவுதான்."

எழுந்து, குழாயடி மண்ணைப் பார்க்கப் போனார்.

அந்த வாரமே குழாயடியில் புது ஏர்த் கம்பியை இறக்கினார். ட்ரிப் சுவிட்சை மறுபடி இணைத்து, அதன் சோதனைப் பொத்தானை எங்கள் மூவரையும் ஒவ்வொருவராக அமுக்க வைத்தார். "மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா எதையும் தொடாதீங்க, எனக்கு ஃபோன் போடுங்க." ஹீட்டரைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "அடுப்புல தண்ணி காய வைங்க. இத ஒரு மணி நேரம் மறந்தீங்கன்னா, ஒரு வாரத்துக்கு ஒங்க வீட்டு பல்பெல்லாம் எரியிற கரண்ட் போயிரும். துணிய வாரத்துக்கு ஒருக்கா மொத்தமா அயன் பண்ணுங்க." அடுத்து வந்த பில் குறைந்திருந்தது. அதைச் சொன்னபோது அவர் அவ்வளவாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "புள்ளைக்கு மெயின் சுவிட்ச் எட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு எங்கள் வரிசையில் புதிதாக எந்த வீடு எழுந்தாலும் நானே அவரை அழைத்துப் போனேன். ஏர்த் கம்பியைப் பார்க்காமல் அவர் வயரைத் தொட்டதில்லை. சிலர் சலித்துக்கொண்டார்கள். "என்னத் திட்டுங்க, பரவால்ல" என்பார்.

வியாழக்கிழமை யோகாவின் இறுதி ஊர்வலம். மழை தூறிக்கொண்டிருந்தது. பூச்சோடனையோடு உயரமாகக் கட்டிய பாடையைத் தோளில் வைத்துப் பாதையில் ஏறினார்கள். மேலே ஒரு வீட்டுக்குப் போகும் வயர் தாழ்ந்து தொங்குவதைப் பார்த்தேன். பாடையின் உச்சி அதில் உரசிவிடும்.

"நில்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

"வீட்டு மெயினை எறக்கச் சொல்லுங்க சார், போயிரலாம்," என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

"அது மெயினுக்கு வர்ற வயர். மெயினை எறக்கினாலும் அதுல கரண்ட் இருக்கும்."

சிலர் முணுமுணுத்தார்கள். சவம் போகும் வழியில் நிற்கலாமா என்று யாரோ கேட்டார். யோகாவின் கணவர் கொள்ளிச் சட்டியோடு திரும்பிப் பார்த்தார். "சார் சொல்றபடி எறக்குங்க," என்றார்.

தோளிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் பாடையை இறக்கினார்கள். சேற்றில் கால் வழுக்க, கூன் போட்டு ஓரடி ஓரடியாக அந்த வயருக்குக் கீழே நகர்ந்தார்கள். பின்னால் வந்த நாங்கள் எல்லோரும், வயர் எட்டாத பிள்ளைகள்கூட, தலையைத் தாழ்த்திக்கொண்டோம். கலா தன் தழும்புக் கையால் மகளின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

போய் வாருங்கள், யோகா. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் உங்களைக் கொண்டு சேர்த்துவிட்டோம்.