விஷ்ணுகிராந்திக்கு மூன்று ஞாயிறு

"கொஞ்சம் நிமிரு தங்கம். அவ்வளவுதான். அசையாத!" என்று தும்பைப் பூவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள் இர்ஃபானா. வாய்க்கால் கரையில் யூரியா சாக்கை விரித்து அதன்மேல் குப்புறப் படுத்திருந்தாள். பூவுக்கும் கைப்பேசிக்கும் இடையே நான்கு விரற்கடை தூரம்.

குடவாசலில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை அவளுடையது. வாரத்தில் ஆறு நாள், வருகிறவர்களையெல்லாம் முறைக்கவைத்துப் படம் பிடிப்பாள். "சிரிச்சீங்கன்னா திருப்பி அனுப்பிருவாங்க" என்று மிரட்டுவாள். ஞாயிறு மட்டும் காட்டுப்பூ. சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்து முற்றும் பங்குனியில், யாரும் விதைக்காததெல்லாம் வரப்பில் பூத்துவிடும். அப்போது அவளை வீட்டில் பிடித்துவைக்க முடியாது.

ஸ்கூட்டர் ஓட்டுவது பள்ளித்தோழி குந்தவை. குடை பிடிப்பதும் அவள்தான். நிழல் பூவுக்கு, வெயில் குந்தவைக்கு.

பெயர் தெரியாத பூ கிடைத்தால் இர்ஃபானா தெரிந்தவர்கள் பெயரை வைத்துவிடுவாள். "இது எங்க ஜெக்கரியா மாமா. பாரேன், மூக்குதான் முதல்ல தெரியுது."

ஆனால் விஷ்ணுகிராந்தி விஷயத்தில் விளையாட்டு கிடையாது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ. காலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் சுருங்கிவிடும். அதைத் தேடி வந்தது இது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் கண்ணில் படவில்லை. போன வாரம் கண்டுபிடித்தபோது பன்னிரண்டே கால். பூ கதவைச் சாத்தியிருந்தது.

"இன்னிக்கும் கிடைக்கலைன்னா நான் வர மாட்டேன்டி" என்று குந்தவை சொல்லி முடிப்பதற்குள், சாக்கோடு நகர்ந்த இர்ஃபானா மூச்சைப் பிடித்தாள். எதிரே மூன்று செடி, மூன்றிலும் நீலம்.

அந்த நேரம் பார்த்துப் புல் அறுக்க வந்த ரெத்தினம் அக்கா குனிந்து கேட்டார்: "என்னம்மா தொலைச்ச?"

படம் எடுக்கும்போது இர்ஃபானா பேச மாட்டாள்; கை ஆடிவிடும். இரண்டு விரலைச் சேர்த்து, "இத்தனூண்டு" என்று சாடை மட்டும் காட்டினாள்.

ரெத்தினத்துக்கு அது போதுமாக இருந்தது. உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, ஓடியாங்கடி! பாய் வூட்டுப் பொண்ணு காதுத் தோட்ட தொலைச்சிட்டு மூச்சுப்பேச்சு இல்லாம கெடக்கு!"

ஏழு பெண்கள் ஓடிவந்தார்கள். குந்தவை "தோடு இல்லைங்க, தோடு இல்லைங்க" என்று கத்தியதை, "தோடு இல்லையாம்!" என்று எடுத்துக்கொண்டு இன்னும் மும்முரமாகத் தேடினார்கள். புல்லைக் காலால் தள்ளினார்கள். ஒரு செடி போனது. அடுத்ததும் போனது.

"யாரும் அசையாதீங்க!" என்று எழுந்து அலறினாள் இர்ஃபானா.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். ரெத்தினத்தின் வலது கால் மட்டும் அந்தரத்தில் நின்றது. நேர் கீழே கடைசி நீலப்பூ.

"அக்கா, காலை வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எங்கம்மா தோடு?"

"தோடு இல்லக்கா. பூ."

ரெத்தினம் கீழே பார்த்தார். "இந்தப் பூடுக்கா?" என்றாலும் காலை வைக்கவில்லை. கருக்கரிவாளை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் குந்தவையின் தோளைப் பிடித்துத் தள்ளாடினார். "ஆச்சா?" "இன்னும் ஒண்ணுக்கா." "ஆச்சா?" "இதான் கடைசி." அந்தக் கடைசி நாலு தடவை வந்தது. ஏழு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எடுத்து முடித்ததும் எல்லாத் தலைகளும் கைப்பேசிக்குள் புகுந்தன. பூ அழகாகத்தான் விழுந்திருந்தது. பக்கத்திலேயே மேலிருந்து தொங்கியது சேறு அப்பிய பாதம், விரலில் ஒரு மெட்டி.

"பரவால்லடி, கால வெட்டிடலாம்" என்றாள் குந்தவை.

ரெத்தினம் சட்டென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வெட்டக்கூடாது" என்றாள் இர்ஃபானா. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பூவை ஓரம் தள்ளிவிட்டு, சேற்றுக்குள் அந்த மெட்டி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.