கூலி என்று ஒரு சொல்

ஈரம் பிடித்த பனங்குருத்தோலைக்கு ஒரு மணம் உண்டு. பச்சைப் புல்லும் பழைய புத்தகமும் சேர்ந்தாற் போல இருக்கும். கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு விடிவது அந்த மணத்தோடுதான். வெயில் ஏறினால் ஓலை முறுகிவிடும் என்பதால், அம்மா விடியற்காலையிலேயே விறாந்தையில் பாயை விரித்து, சாயம் போட்டு வார்ந்த ஓலைகளைப் பரப்பி, பெட்டி "இழைக்க" உட்கார்ந்துவிடுவார். மூடி போட்ட அந்தச் சின்னப் பெட்டிகள் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டுக் கடைகளுக்குப் போயின. அங்கே அவற்றில் பாண் ரொட்டி வைப்பார்களாம் என்று அப்பா சொல்வார். அம்மா அதை நம்பவேயில்லை.

பெட்டிகளைச் சேர்த்து அனுப்பியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில ஆசிரியை. ஊரில் எல்லாருக்கும் அவர் வெறும் "ரீச்சர்". மாத முடிவில் தேவாலய மண்டபத்தில் ஒரு சிறு ஜெபம், ஒரு தேத்தண்ணி, அதன் பிறகு காசு. அந்தக் காசுக்கு "அன்பளிப்பு" என்று பெயர். இது ரீச்சரின் தந்திரம் இல்லை, இழைத்த பெண்களே விரும்பி வைத்த பெயர். அம்மாவின் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். "வாத்தியார் வீட்டுப் பிள்ளையள் கூலிக்கு இழைக்கிறதோ?" என்பது அடுத்த வளவில் இருந்த பெரியம்மாவின் வாய்ப்பாடம். கூலி என்பது புகையிலைத் தோட்டத்தில் நின்றவர்களுக்கும் ஓலை வெட்டித் தந்தவருக்கும் உரியது. அவரோடு மட்டும் இவர்கள் கடைசிவரை பேரம் பேசுவார்கள். அன்பளிப்பை எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்பதால் மண்டபத்தில் ஒருவரும் எண்ணமாட்டார்கள்.

எனக்குப் பத்து வயதான வருடம் ஓலையும் சாயமும் விலையேறின, அன்பளிப்பு ஏறவில்லை. இது கட்டாது, தை மாதத்துக்கு வேறு வழி பார்க்கவேண்டியதுதான் என்று அம்மா முடிவெடுத்தார். வழி என்றால் காமென்ற், ஆடை தைக்கிற தொழிற்சாலை. விடியுமுன் சந்தியில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அம்மா இல்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. தருகிற காசு காணாது, போதாது என்றால் கூட்டிக் கேட்டுப்பார் என்று அப்பா சொன்னார்.

"அன்பளிப்பைக் கூட்டித் தாங்கோ எண்டு ஆரும் கேக்கிறதோ?" என்றார் அம்மா.

அந்த மார்கழியில், கைவினைஞர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று பார்க்க, பெட்டிகளை வாங்குகிற நாட்டிலிருந்தே ஒரு பெண் வந்தார். எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டுச்சேலை கட்டி, இரவல் சங்கிலியும் போட்டு, கேக்கும் பற்றீசுமாக மண்டபத்தில் போய் இருந்தார்கள். கிடைப்பது போதுமா என்று அவர் கேட்டதை ரீச்சர் தமிழில் சொன்னார். ஓம், காணும் என்றார்கள் ஒவ்வொருவராக. நாங்கள் கூலிக்குச் செய்வதில்லை, பொழுதுபோக்குக்குத்தான் என்றார் பெரியம்மா. அம்மாவும் தலையாட்டினார். அம்மாவோடு போயிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

வந்தவருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஓய்வு நேரத்தில் ஆசைக்குச் செய்பவர்கள் என்றால் விலையைக் கூட்டத் தேவையில்லை என்று எழுதப்போனார். ரீச்சர் அதை மொழிபெயர்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். காமென்ற் விஷயம் அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, நீர் சொல்லுறதைத்தான் நான் சொல்லலாம். சொல்லாததைச் சொல்லேலாது."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "கூலி காணாது, ரீச்சர். கூலி எண்டே சொல்லுங்கோ."

பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். ரீச்சர் அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, வந்தவர் எழுதிக்கொண்டார். தையிலிருந்து கூலி கூடியது, அம்மா வீட்டிலேயே நின்றார், பெண்கள் மண்டபத்திலேயே காசை எண்ணத் தொடங்கினார்கள். கூலி வாங்குகிற இடத்துக்கு வரமாட்டேன் என்று பெரியம்மா இழைப்பதையே விட்டார். அடுத்த வருடம் அவருடைய மகள், எங்கள் அக்கா, அந்த காமென்ற் பஸ்ஸில் ஏறினார். அங்கே கொடுப்பது "சம்பளம்". அதில் பெரியம்மாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இன்றைக்கும் அந்த மண்டபத்தில் இழைக்கிறார்கள். இளம் பெண்கள் வட்ஸ்அப்பில் விலை பேசுகிறார்கள். காணாது என்றால் காணாது என்று எழுதிவிடுகிறார்கள். அன்பளிப்பும் போய்விட்டது, கூலியும் போய்விட்டது, இப்போது "பேமென்ற்". அந்தச் சொல்லால் ஒருவருடைய குடும்ப கௌரவமும் குறைவதில்லை. பெரியம்மாவும் இப்போது இல்லை. அவர் இழைத்த பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது என்று அம்மா இன்னும் சொல்வார்.

போன கிழமை அக்கா வந்திருந்தார். மேசையிலிருந்த பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட அம்மா எனக்கு இழைக்கப் பழக்கேல்லையடி. பழகினால் கூலிக்காரி எண்டு சொல்லிப்போடுவினமாம்."

பெட்டியை வைத்துவிட்டு, நாளைக்கு விடிய வேலைக்கு பஸ் பிடிக்கவேண்டும் என்று எழும்பினார்.