லேடீஸ் டாய்லெட் சீலிங்கில் இருந்த போன்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்சார்ஜாக இருந்து, போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். பாய்லரில் இருந்து பாத்ரூம் வரை எல்லாம் என் தலையில்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலையைச் சரியாகச் செய்யப் போய் மானம் கப்பலேற இருந்த கதை.

எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறான் என்று தகவல். ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண்களின் டாய்லெட்டில் சுவர் டைல்ஸ் பாதி உப்பிக்கொண்டு நின்றது. உடனே மாற்றச் சொல்லி மேனேஜர் உத்தரவு. வேலை தொடங்குகிற அன்று காலையில்தான், பெண்கள் அடுத்த பிளாக் டாய்லெட்டுக்குப் போகவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிக் கதவைப் பூட்டினார்கள். நான் உள்ளே போய் ஏணியைப் போட்டதும் மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னாய்யா, டைல்ஸ மாத்தச் சொன்னா மேல ஏறி நிக்கிற?"

"சீலிங்க கழட்டிட்டுதான் சார் சுவத்துல கை வெக்கணும்."

"அது நல்லாத்தானே இருக்குது? எதுக்கு வேலைய ஜாஸ்தி பண்ற?"

விளக்கினேன். பி.வி.சி. பேனல் சீலிங்குக்குச் சுற்றிலும் ஒரு ஓரப் பட்டி உண்டு. அதைப் பழைய டைல்ஸ் மேல்தான் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். டைல்ஸை உடைத்தால் பட்டி அந்தரத்தில் தொங்கும், பேனலும் சேர்ந்து தலையில் இறங்கும். இறங்காமல் தப்பித்தாலும், புது டைல்ஸைப் பட்டிக்குக் கீழேயே வெட்டி நிறுத்த வேண்டியிருக்கும். நடுவில் விழுகிற சந்தில் கரப்பான் குடும்பம் நடத்தும். ஆகவே முதலில் பட்டியை எடுக்க வேண்டும். கடைசியாக மாட்டிய பேனலில் தொடங்கி ஒவ்வொன்றாக உருவி, பின்னால் நம்பர் போட்டு அடுக்கிவிட்டு, அப்புறம்தான் சுத்தியலைத் தொட வேண்டும்.

"பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்றார் மேனேஜர். ஆனால் போகவில்லை. ஏணிக்குக் கீழேயே நின்றார்.

கரண்டை நிறுத்தி, லைட்டைக் கழட்டி, பட்டியை எடுத்தேன். கடைசிப் பேனலில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. நம் ஆட்கள் வேலை செய்த லட்சணம் என்று திட்டிக்கொண்டே இழுத்தேன். மேலே ஒரு சின்னப் பை இருந்தது. ஷூவுக்குள் வைக்கிற லைனிங் தோல் துண்டில் தைத்த பை. எக்ஸ்போர்ட் தையல், ஒரு பிசிறு கிடையாது. அதற்குள் ஒரு பட்டன் போன்.

தையல் பெண்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுவரக் கூடாது. கேட்டிலேயே செக்கிங். மாட்டினால் வேலை காலி. விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜரை டீ குடிக்க அனுப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. பேனல் மேல் போன் அதிர்ந்தால் தவில் மாதிரி கேட்கிறது.

"இன்னாய்யா சத்தம்?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் சார்."

"கரண்ட்ட இப்பதானே நிறுத்தின?"

அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல் படபடவென்று பேசியது.

"கல்பனாவுக்கு சொல்லணுங்க. ஸ்கூல்ல இருந்து பேசறோம். பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போறோம், சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? போனோடு இறங்கி ஸ்டிச்சிங் செக்‌ஷனுக்கு ஓடினேன். கல்பனா கேட்டதும் போட்டது போட்டபடி எழுந்து ஓடினாள். கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், செக்‌ஷன் நடுவில் மேனேஜர் நின்றிருந்தார்.

"யார் போனு இது?"

மெஷின்கள் நின்றுவிட்டன. பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னுது சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மேனேஜர் போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன பட்டன் போனுக்கும் பின்னால் ஒரு கேமரா.

"உன் போனு லேடீஸ் டாய்லெட் சீலிங்ல இன்னாய்யா பண்ணுது?"

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவன் நான். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் இந்தப் பேரோடு வீட்டுக்குப் போவதா? அந்தப் பெண்கள் வாயைத் திறந்தால் நான் தப்பிப்பேன், அவர்கள் வேலை போகும். ஒருத்தியும் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு நல்லா வேணும்டா என்று என்னையும் திட்டிக்கொண்டேன். மேனேஜர் செக்யூரிட்டியைக் கூப்பிடத் திரும்பினார்.

அவர் கையிலேயே போன் அதிர்ந்தது. எடுத்து "ஹலோ" என்றார்.

"ஷாஹிதாவ கூப்டு." வயசான அம்மாவின் குரல். பட்டன் போனில் சத்தம் ஜாஸ்தி என்பதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா நீ?"

"நான் அவ மாமியா. நீ யாருடா? அது பொம்பளைங்க பாத்ரூம் போனாச்சே! யா அல்லா! பொம்பளைங்க பாத்ரூம்ல உனக்கு இன்னாடா வேல? செருப்பு பிஞ்சிடும்!"

ஷூ கம்பெனி மேனேஜர் சட்டென்று போனை வைத்தார். தையல் லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷாஹிதா எழுந்து நின்றாள்.

"எங்க மாமியா சார். போனு எங்க எல்லாத்துதும். அண்ணனுக்கு ஒண்ணுந்தெரியாது."

"எமர்ஜென்சின்னா ஆபீஸ் நம்பர் இருக்குதில்ல?"

"போன தடவ கல்பனா பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்தப்போ ஆபீஸ் நம்பருக்குதான் சார் போன் வந்திச்சி. ஷிஃப்ட் முடிஞ்சி வெளிய போறப்பதான் சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் இத வாங்கி வெச்சோம். பாத்ரூம் போறவங்க பாத்துட்டு வந்து சொல்லுவோம்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டார். நானும் போய் டைல்ஸை உடைத்தேன்.

மறுநாள் கல்பனா வந்தாள். குழந்தை தேறிவிட்டது என்றாள். அடுத்த கேள்வியே "போன் எங்கேண்ணா?" என்பதுதான். மேனேஜர் டிராயரில் என்றேன். நேராக அவர் ரூமுக்குள் போனாள். "அது இல்லன்னா நான் இன்னியோட நின்னுக்கறேன் சார்" என்றது மட்டும் வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் போனோடு வந்து, லைன் சூப்பர்வைசர் மேஜை மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். சார்ஜரையும் சொருகினாள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் அவளிடம் என் ஆற்றாமையைக் கொட்டினேன். "உங்களால என் பேரே நாறிப் போயிருக்கும்மா."

"மேனேஜர் பேச்ச கேட்டு நீங்க சீலிங்க தொடாம இருந்திருந்தா, பூட்டின பாத்ரூம்ல அந்த போன யாருண்ணா எடுத்திருப்பாங்க?" என்றாள். கண் கலங்கிவிட்டது, அவளுக்கும் எனக்கும்.

அன்றிலிருந்து எங்கே போன் அடித்தாலும், யாருடையது என்று பார்க்காமல் எடுத்துவிடுகிறேன். என்னுது என்று மட்டும் சொல்வதில்லை.